செயின் உரசினால் முதுகில் தட்டு

போன வெள்ளிக்கிழமை காலை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நம் மன்றத்துச் செல்வம் வந்து, "டமாரம் போயிட்டான்பா" என்றான். "எங்க போனான், எங்கிட்ட சொல்லாம?" என்று கேட்டேன். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். செல்வம் சிரிக்கவில்லை. மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவனை மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று முந்தின நாள்தான் அவன் அம்மா சொல்லியிருந்தார். அரிசிப் பையை யாரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன் என்று இப்போதும் நினைவில்லை. பை மட்டும் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்திருந்தது.

நம் மன்றத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் நான் இதுவரை எழுதியதெல்லாம் துணுக்குகள். கடைசிப் பக்கத்தின் கீழ் மூலைதான் என் இடம். இந்த முறை முதல் பக்கத்தைக் கொடுத்து, "ஒழுங்கா எழுது" என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஒழுங்காக எழுதினால் அசோகன், அதுதான் நம் டமாரம், நம்ப மாட்டான். என்னால் முடிந்தபடி எழுதுகிறேன்.

அசோகன் வீடு ஸ்கெலட்டனில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், எங்கள் லைனிலேயே. என் வயதுதான். சிறு வயதில் அவனுக்கு அம்மை போட்டது. அது இறங்கியபோது அவன் காதின் பெரும்பகுதியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும். மற்றபடி உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வான். டமாரம் என்ற பெயரை வைத்தது நான். அதற்குப் பதிலாக அவன் எனக்கு லவுட் ஸ்பீக்கர் என்று வைத்தான். அவனுக்குக் காது குறைவு, எனக்கு வாய் அதிகம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தால் ஊருக்கு இரண்டு சாதாரண ஆட்கள் கிடைத்திருப்பார்கள். யாராவது அவனைப் பார்த்து உச்சுக் கொட்டினால், "எனக்குக் கேக்காம போறதுல பாதி, கேக்க வேணாததுதான்" என்பான். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டான். பதினெட்டு முடிந்ததும் நந்திதுர்க் சுரங்கத்தில் மரம் அடுக்கும் யார்டில் சேர்ந்தான்.

அந்தச் சைக்கிள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். துரைமார் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியபோது, பங்களாவில் சமையல் செய்துவந்த அசோகனின் மாமாவுக்கு ஒரு துரை விட்டுப்போனது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். பின்சக்கரத்தில் ஐந்து பல்சக்கரம், முன்னால் பெடல் பக்கத்தில் பெரியதும் சிறியதுமாக இரண்டு. முன்னால் இருக்கும் இரண்டுக்கும் நடுவே செயினை மாற்றிப் போட, இரண்டு சின்னத் தகடுகள் செயினை இரு பக்கமும் அணைத்தபடி இருக்கும். அவற்றை இங்கும் அங்கும் தள்ளுவதற்கு சீட்டுக் கம்பியில், தொடைக்கு நடுவே ஒரு லீவர். அந்தத் தகடுகளுக்கு நாங்கள் கேஜ் என்று பெயர் வைத்தோம். நம் ஊரில் சுரங்கத்துக்குள் ஆளை ஏற்றி இறக்குகிற கூண்டும் கேஜ்தானே.

மாமா பல வருஷம் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த வண்டி அது. அசோகன் வெளியே எடுத்து ஓட்டிய முதல் நாளே கேஜ் செயினில் உரச ஆரம்பித்தது. கிர்ர்ர் என்று தகர டப்பாவில் மணலைப் போட்டு ஆட்டுகிற சத்தம். லைனில் இருந்த நாய்களெல்லாம் எழுந்து நின்றன. அசோகன் மட்டும் மகாராஜா மாதிரி போய்க்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்தி விஷயத்தைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கு! உரசி உரசி செயின் அறுந்துவிடும் என்று பயந்தான். ராபர்ட்சன்பேட்டை சைக்கிள் கடைக்காரர் கேஜை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இத்த கழட்டி போட்டுடு, வண்டி நல்லா ஓடும்" என்றார். கழற்றினால் அப்புறம் அது கியர் சைக்கிளா?

அசோகனின் அப்பாவுக்குச் சுரங்கத்தில், கேஜ் இறங்குகிற ஷாஃப்டில் வேலை. அங்கே கேஜ் பக்கத்து மரச்சட்டத்தில் உரசினால் கிரீஸ் பூசுவது அவருக்குத் தெரிந்த வைத்தியம். இங்கேயும் கை நிறைய அள்ளிப் பூசினார். சத்தம் நின்றது. அந்த வாரம் காற்று அடித்து, தங்கம் எடுத்த பிறகு கொட்டி வைத்த சயனைடு மேட்டு மண்ணெல்லாம் கிரீஸில் வந்து உட்கார்ந்துகொண்டது. செயினைத் தொட்டால் உப்புத்தாள் மாதிரி இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி எடுக்க எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அவன் அப்பா கடைசி வரை மண்ணைத்தான் குற்றம் சொன்னார், கிரீஸைச் சொல்லவில்லை.

அதன் பிறகு நாங்களே உட்கார்ந்து பார்த்தோம். உரசுகிற இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. கேஜ் கொஞ்சம் கோணலாகவும் இறங்கியும் இருந்தது. போல்ட்டைத் தளர்த்தி, தகடுகளைச் செயினுக்கு நேராகத் திருப்பினோம். பெரிய பல்சக்கரத்தின் பல்லுக்கு மேல் ஒரு காசு நுழைகிற இடைவெளி விட்டு முறுக்கினோம். கையால் பெடலைச் சுற்றிப் பார்த்தபோது சத்தமே இல்லை. ஆனால் ஓட்டிப்போய்ப் பின்னால் கியரை மாற்றியதும் மறுபடி கிர்ர்ர். பின்னால் செயின் நகர்ந்தால் முன்னால் அது சாய்ந்துகொள்கிறது. அப்போதெல்லாம் லீவரை ஒரு மயிரிழை தள்ளிவிட வேண்டும். காது இருக்கிறவன் சத்தம் கேட்டதும் தள்ளிவிடுவான். அசோகன் என்ன செய்வான்?

நான்தான் அவன் காதானேன். என் அப்பாவின் கனத்த சைக்கிளில் பின்னாலேயே போவேன். கையில் ஒரு புளியங்குச்சி. உரசினால் அவன் முதுகில் தட்டுவேன். இரண்டு தட்டு என்றால் லீவர் உள்ளே, மூன்று என்றால் வெளியே. ஒரு தட்டு என்றால் போதும், நிறுத்து. சுரங்கத்து கேஜுக்கு மணி அடிக்கிற கணக்குதான். பேத்தமங்களா சாலையில் ஒரு தாத்தா எங்களை நிறுத்தி, மாடு ஓட்டிப் போகிறாயா என்று தெலுங்கில் கேட்டார். நல்ல மாடுதான் தாத்தா, காதை மட்டும் விற்றுவிட்டோம் என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன். அசோகன் என் உதட்டைப் பார்த்துவிட்டான். ஏரிக்கரை வரை என்னைக் குச்சியோடு துரத்தினான்.

பொங்கலுக்கு நம் மன்றம் வைக்கும் சைக்கிள் பந்தயத்தில் பெயர் கொடுத்தது அவன்தான். நந்திதுர்க்கிலிருந்து பேத்தமங்களா ஏரி போய்த் திரும்ப வேண்டும். கூட ஆள் வரக் கூடாது என்பது விதி. நான் போய்ப் பேசி அனுமதி வாங்குகிறேன் என்றேன். எனக்கு வாய் எதற்கு இருக்கிறது? அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். "எல்லாரும் தனியா போறாங்க. நான் மட்டும் ஆள் வச்சிகினு போவணுமா? செவிடன் ஜெயிச்சான்னு சொல்லட்டும், தோத்தான்னு சொல்லட்டும். இட்டுனு வந்தாங்கன்னு சொல்லக் கூடாது." அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. 

பிறகு கொஞ்ச நாள் ஷிப்ட் முடிந்ததும் தனியாகவே கிளம்பிப் போனான். என்னைக் கூப்பிடவில்லை. ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து வண்டியை நிறுத்தி, என் கையைப் பிடித்து லீவரின் மேல் வைத்தான். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றினான். கேஜ் உரசியது. லீவர் என் விரலடியில் நடுங்கியது, பிடித்த சிட்டுக்குருவி மாதிரி. மயிரிழை தள்ளு என்று கண்ணைக் காட்டினான், தள்ளினேன். நடுக்கம் நின்றது.

"கைல கேக்குதுடா" என்றான்.

நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். சத்தமாகவும் சொன்னேன். என் காதுக்கு வேலை போயிற்று, செட்டில்மென்ட்கூட இல்லாமல்.

பந்தயத்தன்று எல்லைக் கோட்டருகே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். மட்கார்டு அடிக்கிற வண்டி ஒன்று வந்தது, கிரீச்சிடுகிற வண்டி ஒன்று வந்தது. ஒவ்வொன்றும் புலம்பிக்கொண்டே போயிற்று. பிறகு ஒரு வண்டி டயர் மண்ணில் ஓடுகிற சத்தம் மட்டுமாக வந்தது. கண்ணைத் திறக்காமலே, "டமாரம்!" என்று கத்தினேன். அவனேதான். ஐந்தாவது ஆள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை லீவரில். யாரும் அவனை இட்டுக்கொண்டு வரவில்லை.

அதோடு எங்கள் சவாரி முடிந்தது என்று நினைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு காலையில் வாசலில் வந்து நின்றான். "குச்சி எங்க?" என்று கேட்டான். எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பழையபடி அவன் முன்னால், நான் பின்னால். உரசும், தட்டுவேன், தள்ளுவான். ஒருநாள் எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் சும்மா இருக்கிற ஆளா நான்? உரசியபோது வேண்டுமென்றே தட்டாமல் விட்டேன். கிர்ர்ர் என்று மேடு ஏறினான். கிர்ர்ர் என்று இறங்கினான். இரண்டு கையும் ஹேண்டில்பாரிலேயே இருந்தன. கால் மைல் போன பிறகு வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாடா, லவுட் ஸ்பீக்கர் ரிப்பேரா?"

உரசுவது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. லீவரை விட்டுக் கையை எடுத்துவிட்டாலும், காலடியில் பெடல் சொல்லியிருக்கும். குச்சியால் இரண்டு தட்டு தட்டினேன். அவன் லீவரை உள்ளே தள்ளினான். போனோம். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. இனிப் பேசவும் முடியாது.

அடக்கத்தின்போது பெரியவர்கள் பௌத்த முறைப்படி சரணம் சொன்னார்கள். எல்லோரும் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அவனுக்குச் சொல்வதானால் பக்கத்தில் போய்க் கத்தித்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சத்தம் வரவில்லை.

சைக்கிளை அவன் அம்மா என்னிடமே கொடுத்துவிட்டார். "அது இன்னா சொல்லுதுன்னு உனக்குதாம்பா தெரியும்" என்றார். குச்சி ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது, பிடிக்கிற இடத்தில் வழவழப்பாகிவிட்டது. அவனிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இந்த இரண்டும்தான். மூன்றாவதாக ஒரு காதும் இருக்கிறது. தெருவில் போகிற எந்தச் சைக்கிளில் எது உரசினாலும் இப்போது எனக்குக் கேட்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பேத்தமங்களா சாலையில் அவன் வண்டியைத் தனியாக ஓட்டிப் போனேன். குச்சியைக் கேரியர் இல்லாத வண்டியில் எங்கே வைப்பது? முதுகில் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். மேட்டில் கியரை மாற்றியதும் கிர்ர்ர் என்று ஆரம்பித்தது. கை தானாக லீவருக்குப் போயிற்று. எடுத்துவிட்டேன். இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு, உரச உரச, ஏரிக்கரை வரைக்கும் போனேன்.