நொஷாட்டலில் கயாக் கொடுத்தவர்

சுவிட்சர்லாந்தின் நொஷாட்டல் ஏரிக்கரையில் கயாக் படகுகளை வாடகைக்குக் கொடுத்த அந்த யாழ்ப்பாணத்தவரின் பெயரை நான் கேட்கவில்லை. வெயிலில் தோலுரிந்த மூக்கு. பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டியதும் தோள்பக்கம் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். அது காதுவரை ஏறினால் படகு கிடையாது.

2004 கோடையில் ஏழு வயது மகளுடன் மீன் பிடிக்கப் போனேன். அவள் கழுத்தில் விசிலைக் கட்டிவிட்டு என்னிடம் சொன்னார்:

"கரையில ஒரேஞ்ச் லைட் மின்னினா உடன திரும்புங்கோ தம்பி. காத்து வரும்."

"ஓம் அண்ணை."

அரை மணி நேரத்தில் மகள் வேர்க்கிறது என்று சிணுங்கினாள். நானே ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டேன். பிறகு விளக்கு மின்னியது, அலை எழுந்தது. துடுப்பை விட்டுவிட்டு ஜாக்கெட்டைத் திரும்ப மாட்ட முடியவில்லை. மகளை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு எப்படியோ கரை சேர்ந்தேன்.

அவர் தண்ணீரில் இறங்கி அவளைத் தூக்கினார். படகுக்குள் கிடந்த ஜாக்கெட்டைப் பார்த்தார்.

"கோவமோ அண்ணை?"

"இல்லை. பிள்ளையள் கழட்டிறேல்லை தம்பி. தேப்பன்மார்தான் கழட்டிவிடுகினம்."

இனிக் கழற்ற மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் திரும்பி நடந்துவிட்டார். அதையும் பலர் சொல்லக் கேட்டிருப்பார்.