துணி சுற்றாத கை

பேரம் நடந்துகொண்டிருக்கும்போதே சாலம்மாளின் வலது கை நகம் இடது கட்டை விரலின் ஓரத்தைத் தேடிப் போய்விடும். அங்கே நேற்று ஆறத் தொடங்கிய பொருக்கு ஒன்று விளிம்பு தூக்கிக்கொண்டிருக்கும். நகம் அதனடியில் நுழையும். வாய் தன்பாட்டுக்கு, “இது கெட்டி வளையலுங்கம்மா, போட்டுக்கிட்டு நெல்லுக் குத்தலாம்” என்று சொல்லிக்கொண்டிருக்கும். பொருக்கு பெயர்ந்து வரும் நேரத்தில் மட்டும் பேச்சு நிற்கும். பிறகு விரலை முந்தானையில் ஒற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து விலை சொல்லுவாள்.

திருச்செங்கோட்டில் எங்கள் தெரு நெசவாளர் தெரு. சாலம்மாள் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளிக் குடியிருக்கிறாள். புருஷன் மயில்சாமி சந்தைக்குச் சந்தை போய்க் கடை பரப்புகிறான். இவள் கயிற்றில் கோத்த வளையல் சரங்களைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள். வயது நாற்பதுக்கு முன்னே பின்னே இருக்கும். குள்ளமான உடம்பு, விறைப்பான நடை, வீட்டுக்குள் நுழையும் முன்பே உள்ளே வந்துவிடும் குரல்.

அந்தக் கைகளைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் திக்கென்றுதான் இருக்கும். விரல் ஓரங்களில் தோல் உரிந்து சிவந்து கிடக்கும். முழங்கைக்குக் கீழே ஆறிய தழும்புகளும், ஆற விடாத புண்களுமாக இருக்கும். மோவாயில் கறுத்த வடு ஒன்று உண்டு. அம்மை வார்த்த தடம் என்று சிலர் நினைப்பார்கள், சிரங்கு என்று சிலர் ஒதுங்குவார்கள். இரண்டும் இல்லை. அத்தனையும் அவளே தன் நகத்தால் கிள்ளிக் கிள்ளி உண்டாக்கிக்கொண்டது.

என் மனைவி சாரதாமணி ஒருநாள் மனம் பொறுக்காமல், “வலிக்காதா சாலம்மா?” என்று கேட்டாள்.

“வலிக்குமுங்க. வலிக்காம என்ன பண்ணும்?”

“அப்புறம் எதுக்கு?”

“கை போயிருதுங்கம்மா. மனசு ஒரு பக்கம் இருக்கும், கை ஒரு பக்கம் போயிரும். சொரசொரன்னு ஒண்ணு தட்டுப்பட்டா அதை எடுத்தாத்தான் மூச்சு உடலாம்னு இருக்கும். எடுத்த பொறவு, ஏண்டி எடுத்தேன்னு இருக்கும். தாவணி போட்ட நாள்ல இருந்து இதே பொழப்பு.”

யோசனை சொல்லாத ஆள் ஊரில் இல்லை. இலவசம் என்றால் நம் ஜனங்களுக்குத் தாராளம் பொங்கி வழியுமே! ஒருத்தி விரலில் வேப்பெண்ணெய் பூசச் சொன்னாள். சாலம்மாள் விரலைக் கடிப்பவளா என்ன? கசந்து என்ன ஆகப்போகிறது, புண்தான் எரிந்தது. இன்னொருத்தி மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். வேண்டிக்கொண்டு படியேறினாள்; இளைப்பாற உட்கார்ந்த மண்டபத்திலெல்லாம் விரலைக் கிள்ளிக்கொண்டே ஏறி, உச்சியில் சுவாமியை ரத்தக் கையோடு கும்பிட்டுவிட்டு வந்தாள். மயில்சாமி தன் பங்குக்குப் படுக்கும்போது அவள் இரண்டு கையையும் நூல் கயிற்றால் கட்டிப் பார்த்தான். விடிவதற்குள் முடிச்சையே பிய்த்து வைத்திருந்தாளாம். அதற்குப் பிறகு அவனும் விட்டுவிட்டான்.

ஒரு காலத்தில் அவளும் மறைத்துத்தான் திரிந்திருக்கிறாள். சித்திரை வெயிலில் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். விரல்களில் கிழிசல் துணி சுற்றியிருந்தாள். கல்யாண வீட்டில் எவளாவது வெற்றிலைத் தட்டை நீட்டினால், வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். கோயிலில் அவளுக்கு மட்டும் திருநீறு உயரத்திலிருந்து விழும். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் முகம் சுருங்கிப்போகிறது.

பிறகு ஒரு கோடையில் துணிக்குள் வியர்த்து, புண் சீழ் பிடித்து, ஒரு விரலே போய்விடும் போலாயிற்று. ஆஸ்பத்திரி டாக்டர் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டுக் காற்றுப்படும்படி வைக்கச் சொன்னார். விரல் பிழைத்தது. வீட்டுக்கு வந்ததும் சாலம்மாள் முதலில் செய்த காரியம், அரிவாள்மணையை எடுத்துப் போட்டு நீளக் கை ரவிக்கைகளையெல்லாம் முழங்கைக்கு மேலே அறுத்துத் தள்ளியதுதான்.

“மறைச்சு மறைச்சுத்தானே இத்தனை சீரழிஞ்சேன்? என்ற தோலு, என்ற நகம். ஊரான் ஊட்டுச் சொத்தையா புடுங்குறேன்?” என்று அன்றைக்குத் தெருவில் நின்று கேட்டாள்.

துணி சுற்றாததற்குச் சீழ் ஒரு காரணமென்றால் தொழில் இன்னொரு காரணம். வளையல் போடுவது சும்மா மாட்டிவிடுகிற வேலையல்ல. மணிக்கட்டில் லொட லொடவென்று ஆடாமல் பதிய வேண்டுமானால் கைக்குச் சின்னதாகத் தோன்றும் வளையலைத்தான் எடுக்க வேண்டும். எதிரே இருப்பவளின் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கணு எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்கிற மாதிரி அமுக்கி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே தள்ள வேண்டும். எலும்பு எப்போது இளகிக் கொடுக்கிறது என்பது போடுகிறவளின் விரலுக்குத்தான் தெரியும். நடுவே துணி இருந்தால் தெரியாது. “கண்ணை மூடிக்கிட்டுக்கூடப் போட்டுருவனுங்க, துணியச் சுத்திக்கிட்டுப் போட முடியாதுங்க” என்பாள். ரத்தம் நிற்காமல் கசிகிற நாளில் அவளே யார் வீட்டுக்கும் போக மாட்டாள். மற்ற நாட்களில் வெந்நீரில் கை கழுவிவிட்டுத்தான் வளையலைத் தொடுவாள்.

போன ஆவணியில் பாவாயம்மாள் வீட்டில் வளைகாப்பு நடந்தது. மருமகள் ராசாத்திக்குத் தலைப்பிள்ளை. பாவாயம்மாள் எங்கள் தெருவில் பெரிய கை. தறிகள் நிறைய ஓடுகிற வீடு. ஆண்களுக்கு அங்கே வேலை இல்லைதான். ஆனால் பந்திக்கு இலை நறுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்து நிலைப்படியோரம் உட்கார்ந்திருந்ததால் நடந்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

சாலம்மாள் சரங்களை இறக்கி வைத்ததுமே சேலத்திலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாள் பாவாயம்மாளின் காதில் குனிந்தாள். பாவாயம்மாளின் முகம் மாறியது.

“சாலா, கையைக் காட்டு.”

காட்டினாள்.

“இது பெருநோயாட்டம் இருக்குதுன்னு சம்பந்தி சொல்றாங்க. மாசமா இருக்கிற புள்ளையத் தொடுற கை. நீ என்ன சொல்றே?”

குஷ்டம் என்று ஒரு வீட்டில், அதுவும் வளைகாப்பு வீட்டில், வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டால் அப்புறம் எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்காது. சிரங்கு, ஆறிக்கொண்டு வருகிறது என்று ஒரு பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். நானே மனசுக்குள் அதைத்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“நோவு ஒண்ணுமில்லீங்கம்மா. நாந்தான் புடுங்கிக்கிறேன்.”

“நீயேவா? எதுக்குடி?”

“அது தெரிஞ்சா உட்டுற மாட்டனுங்களா? பெருநோய்னா அங்க உணர்ச்சி இருக்காதும்பாங்க. சம்பந்தியம்மா ஒரு ஊசி கொண்டாந்து குத்திப் பாக்கட்டும். நான் போடுற கூச்சல்ல காதுவலி அவங்களுக்கு வரும்.”

சிரிப்பை அடக்க முடியாமல் நாலைந்து பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சம்பந்தியம்மாள் ஊசிக்குப் போகவில்லை. ஆனாலும் பாவாயம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. தன் தறியில் அறுத்த புது வெள்ளைத் துணியைக் கிழித்து நீட்டினாள்.

“இதச் சுத்திக்கிட்டுப் போடு.”

“துணி சுத்துனா எலும்பு தெரியாதுங்க. கண்ணாடி தாங்காது.”

“என்ற ஊட்டுல நான் சொல்றதைச் செய்.”

சாலம்மாள் ஒரு கணம் வாசலைப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ உதட்டைக் கடித்துக்கொண்டு துணியை வாங்கி விரல் விரலாகச் சுற்றினாள். முதலில் போடுகிற வேப்பங்குச்சிக் காப்பு சுளுவாக ஏறிவிட்டது. அடுத்தது பச்சைக் கண்ணாடி வளையல். ராசாத்தியின் கணுவருகே வந்தபோது சாலம்மாளின் விரல் தடுமாறியது. நொறுக்கென்று ஒரு சத்தம். வளையல் இரண்டாகித் தரையில் விழுந்தது. அந்தப் பெண்ணின் புறங்கையில் ஒரு கீறல்.

“ஐயோ!” என்று யாரோ அலறினார்கள். பாவாயம்மாள் வெளுத்துப் போய், “பெருகிருச்சு, பெருகிருச்சுன்னு சொல்லுங்கடி” என்று பதறினாள். வளைகாப்பில் உடைந்தது என்கிற சொல் வாயில் வரக் கூடாது. குங்குமத்தை எடுத்து அந்தக் கீறலின் மேல் அப்பினாள். பத்துப் பதினைந்து ஜோடிக் கண்கள் வளையல்காரியின் பக்கம் திரும்பின.

சாலம்மாள் பயந்ததாகத் தெரியவில்லை. துணியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். மடித்துப் பாவாயம்மாளின் மடியில் வைத்தாள்.

“நான் சொன்னனுங்க.”

அவ்வளவுதான். அப்புறம் வெந்நீர் கேட்டாள். தவலையை நடுக்கூடத்துக்கே கொண்டுவரச் சொல்லி, அரப்புத்தூள் போட்டு, முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். தழும்பும் வடுவும் ஈரத்தில் இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

“அல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. இதான் என்ற கை. இதுக்கு மேல இதுல ஒண்ணுமில்ல” என்றாள். பிறகு ராசாத்தியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மாமியாரைக் கேட்கவில்லை; சம்பந்தியைக் கேட்கவில்லை.

“உன்ற கை, சாமி. நீ சொல்லு. போடட்டுமா?”

அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்குமோ என்னவோ. மாமியாரை நிமிர்ந்து பார்க்கவே அஞ்சுகிற குழந்தை. கண்ணில் நீர் முட்ட இரண்டு கையையும் நீட்டினாள். “போடுங்கக்கா” என்று அவள் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவளுக்குக் கேட்டுவிட்டது.

பச்சையும் சிவப்புமாக ஒவ்வொன்றாய் ஏறின. சாலம்மாள் வலியே தெரியாமல் எலும்பை அமுக்கிக்கொண்டு, “ஆம்பளையா பொம்பளையா, என்ன ஆசை கண்ணு?” என்று கதை பேசினாள். ஒன்றுகூட உடையவில்லை. இரண்டு கையும் நிறைந்ததும் ராசாத்தி குலுக்கிப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். சம்பந்தியம்மாள்கூடப் புன்னகை செய்துவிட்டாள், தாயல்லவா!

வளைகாப்புக்கு வந்த பெண்கள் எல்லோருக்கும் வளையல் போட வேண்டும் என்பது முறை. முதலில் தயங்கியவர்கள் பிறகு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். என் மனைவி போட்டுக்கொண்டாள். சம்பந்தியம்மாளும் வந்தாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் கொடுத்தாள். கடைசியில் வீட்டுக்குப் பெரியவள் ஒருத்திதான் பாக்கி.

பாவாயம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கையும் முந்தானைக்குள் இருந்தன. சாலம்மாள் அவள் அளவுக்குச் சிவப்பு வளையல்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, எதிரே நகர்ந்து உட்கார்ந்தாள். வா என்று சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை. தோல் உரிந்த இடது கையை, உள்ளங்கை மேலே தெரிய, பாவாயம்மாளின் முழங்காலுக்கு முன்னால் நீட்டினாள். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே பந்திக்குச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கை வெளியே வருகிறவரை சாலம்மாள் தன் கையை மடக்கவில்லை.