மட்டுப்பாவில் உலர்ந்த மஞ்சள் நூல்

தங்கையனைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். எங்கள் மொட்டைமாடியில் உலர்ந்துகொண்டிருந்த மஞ்சள் நூலைப் போராட்டக் கொடிக்கானதென்று எண்ணி, போலீஸ் என்னைப் பிடிக்க வருகிறது என்று நம்பினேன். ஆம், நம்பினேன்! நாற்பது வயது தாண்டியவன், ஊரையே சிரிக்கவைக்கிறவன்... நூலைக் கண்டு நடுங்கினேன்.

சிரித்துக்கொள்ளுங்கள். சிரிக்க இடமிருக்கும்வரை நானும் உங்களோடு சிரிக்கிறேன்.

நான் பாறசாலைப் பக்கத்து ஊர்க்காரன். பாலராமபுரத்து நெசவுக்காரர்களுக்குப் புடவைக் கரைக்கான சாயநூல் கொடுப்பது என் தொழில். நெய்யாற்றின்கரைக் கடைவீதியில் ஒரு மாடிக் கட்டடம்தான் பட்டறை. நிறம் சொல்வது நான். சாயம் முக்குவது என் கூட்டாளி தங்கையன்.

ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் திருவனந்தபுரம் போவேன். தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடியில், அதைத்தான் நாங்கள் மட்டுப்பாவு என்போம், அரைநாள் நின்று நகரத்தின் தலையைப் பார்ப்பேன். மழை விட்ட ஓடுகள், பாசி பிடித்த கைப்பிடிச்சுவர், முறத்தில் உலரும் மிளகாய், தொட்டியில் பூத்த செண்டுப்பூ... தெருவில் நடப்பவனுக்குக் கிடைக்காத நிறங்கள்! அவற்றைக் கண்ணிலேயே சுமந்துகொண்டு வந்து தங்கையனிடம் இறக்குவேன்.

அந்த ஓணத்துக்கும் அப்படித்தான். "மக்கா, மழையில நனைஞ்ச ஓட்டுக்க நெறம் ஒண்ணு வேணும்" என்றேன்.

"எலே, ஓணத்துக்குப் பெண்ணுங்க கூரையையா உடுத்துவாளுவ?"

"சரி, செண்டுப்பூ மஞ்சளாவது தா. வெயில் பட்டா கண்ணு கூசணும்."

"நீ மேல நின்னு வேடிக்கை பாப்பே. நான் அண்டாவுக்க பக்கத்துல கெடந்து வேகணுமாக்கும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். மூன்று நாளில் அந்த மஞ்சளைக் கொண்டுவந்தும் விட்டான். சாயத்தில் முக்கியெடுத்த நூலைக் கயிற்றில் தொங்கவிட்டு, சுற்றியுள்ள கூரைகளுக்கு நடுவில் எப்படித் தெரிகிறதென்று பார்த்த பிறகே நெசவுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். மட்டுப்பாவு முழுக்க மஞ்சள்! நான் கொக்கரித்தேன்.

காலம் எப்படிப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. திருவிதாங்கூரில் தமிழ் பேசும் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தமிழில் உரக்கத் தும்மினால்கூடப் பிடித்துப்போவார்கள் என்று கடைவீதியில் வேடிக்கை பேசியவன் நானே.

மறுநாள் முற்பகல். தங்கையன் கீழே அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தான். ஒரு போலீஸ்காரர் படியேறி வந்தார். கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆ மஞ்ஞ நூல் ஆருடேதாடோ?"

அந்த நூல் யாருடையது? இவ்வளவுதான் கேட்டார். எனக்குப் போராட்டக் கொடிதான் நினைவில் வந்தது. கொடியில் என்ன நிறம் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது! ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"ஏமானே, சத்தியமாட்டு அது கொடிக்குள்ள நூலல்ல!"

அவர் முகம் மாறியது. "கொடியோ? கொடிக்காரியம் ஆரு சோதிச்சு?"

கொடியைப் பற்றி யார் கேட்டது? உண்மைதான்... யாருமே கேட்கவில்லை. அந்தச் சொல்லை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவன் நான். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம் அல்லவா? நிறுத்தவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது ஏமானே. சாயம் முக்குறது தங்கையனாக்கும். அவன் அடிக்கடி தெக்கே போயிட்டு வாறவன்."

அவன் தெற்கே போவது, கட்டிக்கொடுத்த தங்கையைப் பார்க்க. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். முதல் பேச்சு பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேளாத இந்தக் கடைசிப் பேச்சுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

மணிக்கட்டு வரை மஞ்சளாக இருந்த கைகளோடு அவனைக் கூட்டிப்போனார்கள். வாசலில் திரும்பி நின்றான்.

"எலே, சொல்லுலே இவருகிட்ட... ஓணத்துக்குள்ள நூலாக்கும்னு!"

நான் எதிர்வீட்டு ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறம் பார்ப்பவனைப் போல!

இரண்டு வாரம் கழித்து அவனை விட்டார்கள். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. நனைந்த நூலை முறுக்கிப் பிழிய முழுக் கையும் வேண்டும். பிறகு அவன் சாயம் முக்கவே இல்லை. இப்போது வள்ளக்கடவுப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் காவல் இருக்கிறான்.

எல்லை போட்டாயிற்று, எங்கள் ஊர் கேரளத்தில் நின்றது. தங்கையன் இன்றும் ஞாயிறு ஆராதனை முடிந்து என் வீட்டுக்கு வருகிறான். "எந்தப் பாவியோ ஒற்றுக் குடுத்தாம்லே" என்கிறான். நான் சாயாவை அவனுடைய இடது கைப்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு ஏதாவது வேடிக்கை சொல்கிறேன். அவன் சிரிக்கிறான்... அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. இருந்தும் அடுத்த ஞாயிற்றுக்கும் ஒரு வேடிக்கை தயார் செய்கிறேன். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேனே, இதுவும் கோழைத்தனம் இல்லையா?

அந்தப் போலீஸ்காரரைப் பின்னொரு நாள் சாயாக்கடையில் கண்டேன். அன்று எதற்காக மாடியேறினீர்கள் என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். இன்ஸ்பெக்டரின் மனைவி தன் வீட்டு மாடியிலிருந்து அந்த மஞ்சளைப் பார்த்திருக்கிறாள். அதே மஞ்சள் கரையில் ஓணத்துக்கு ஒரு புடவை வேண்டும், யாருடைய நூலென்று கேட்டுவா என்று இவரை அனுப்பியிருக்கிறாள்.