கனமான லென்ஸ்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அவளுக்கு லாரி ஷெட்டில் இன்றைக்கும் ஒரே பெயர்தான்: சோடாபுட்டி. வைத்தவன் அவளுடைய முன்னாள் புருஷன், டிரெய்லர் ஓட்டுபவன். கூட்டாளிகளை வீட்டுக்கு அழைத்து வந்தால், அவள் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு சுவரில் முட்டி முட்டி நடந்து காட்டுவான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எதிரில் இருப்பது எதுவும் தெரியாமல் நின்றபடி அவளும் சிரிப்பாள். அவன் வேறொருத்தியோடு போனதைக்கூட ஒருவழியாக ஜீரணித்துக்கொண்டாள்; தன்னுடைய அந்தச் சிரிப்பை அவளால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு லென்ஸ் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஃப்ரேம் பொருத்தப் பழகினாள். படித்துத் தேறிப் பரிசோதனை அறைக்கு வந்தாள். பெரிய கெட்டிக்காரி இல்லை, விடாப்பிடிக்காரி.

அப்போதுதான் விதி மாறியது. அதுவரை பெரிய லாரி ஓட்டுபவர்களும் டிரெய்லர் இழுப்பவர்களும் ‘பார்வை நன்றாக இருக்கிறது’ என்று தாங்களே கையெழுத்துப் போட்டு லைசென்ஸைப் புதுப்பித்துக்கொள்ளலாம். இனிமேல் கண்ணாடிக் கடையில் பரிசோதித்துச் சான்று வாங்க வேண்டும். கண்ணாடி தேவையென்றால் அது லைசென்ஸிலேயே அச்சாகும். போடாமல் ஓட்டினால் லைசென்ஸ் போய்விடும். ஊரில் இருந்தது அந்த ஒரு கடைதான். அவன் வந்தே ஆக வேண்டும். வேண்டுதல் வைத்தவள்போல் காத்திருந்தாள்.

வந்தான்.

“உக்காருங்க.”

“அட, நீயா? ஆளே மாறிட்ட. என்னைத் தெரியுதா, இன்னும் கிட்ட வரணுமா?”

“நல்லாவே தெரியுது. வலது கண்ணை மூடிட்டுப் படிங்க.”

கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தான். முதலில் பரிசோதனைக்கு வந்துபோன டிரைவர் எழுத்துகளை மனப்பாடம் செய்து ஷெட்டுக்கே சொல்லிக் கொடுத்திருந்தான். அவள் அன்று காலையில்தான் பலகையை மாற்றியிருந்தாள்.

“பிரமாதம். நீங்க சொன்ன எழுத்து ஒண்ணுகூட அங்க இல்ல.”

அவன் கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பார்த்தான்.

“விளையாடாத. இது என் பொழப்பு.”

“எனக்கும் இதான் பொழப்பு.”

“பழி வாங்குறியா?”

“ஆமா,” என்றாள், குரலை உயர்த்தாமல்.

கண்ணாடி போட்டுப் பார்க்காமலே ‘பார்வை போதாது’ என்று எழுதி அனுப்பினால் இன்றைக்கே அவன் வண்டியை விட்டு இறங்க வேண்டியதுதான். பேனாவை எடுத்தாள். பிறகு யோசித்தாள். வேலை போனவனைப் பார்த்து ஷெட்டே உச்சுக்கொட்டும். பரிதாபம் எப்பேர்ப்பட்டவனையும் நல்லவனாக்கிவிடும். அந்தச் சலுகையை அவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

பேனாவை வைத்துவிட்டுச் சோதனை ஃப்ரேமை அவன் மூக்கில் மாட்டி, லென்ஸ் மேல் லென்ஸாகப் போட்டாள்.

“அட, சுவத்துல விரிசல் இருக்கு,” என்றான் அவன். எழுத்துகளை ஒவ்வொன்றாக, சரியாகப் படித்தான். “அப்போ லைசென்ஸ் உண்டு?”

“உண்டு. ஸ்டியரிங்ல கை வச்சா கண்ணாடியைக் கழட்டக் கூடாது. ரிட்டயர் ஆகிற வரைக்கும்.”

“இவ்வளவு கனமாவா? ஷெட்டுல என்னை உயிரோட விடுவானுங்களா?”

“சாதாரண லென்ஸ்ல இப்படித்தான் வரும்.”

அதே பவரில் மெல்லிய லென்ஸும் கடையில் உண்டு. அவள் போட்டிருந்ததே அதுதான். நிமிர்ந்து அவள் முகத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அவனே கேட்டிருப்பான். அவன் பார்க்கவில்லை.

சாதாரண லென்ஸுக்கே ஆர்டர் எழுதினாள். “கறுப்பு ஃப்ரேமா, பழுப்பா?”

“எதுல கொஞ்சம் அடக்கமா தெரியும்?”

“ரெண்டும் ஒண்ணுதான்,” என்று இரண்டையும் அவன் முன்னால் வைத்தாள்.