இரண்டில் ஒரு லென்ஸ்

கல்யாணமான மறு வருஷம், அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் போட்டோகிராபி படிக்கச் சேர்ந்தேன். கொஞ்ச நாள் கல்லூரிக் கேமராவை முறை வைத்து எடுத்துக்கொண்டோம். பிறகு ஆளுக்கொன்று சொந்தமாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல கேமரா அப்போது கடையில் போய்க் கேட்டால் கிடைக்கிற பொருளில்லை. வெளிநாடு போய் வந்தவர் யாராவது மனசு வைத்தால்தான் உண்டு.

என் கணவரின் அலுவலக நண்பருக்கு ஓர் அண்ணன், கப்பலில் இன்ஜினீயர். லீவில் வந்திருந்தவர் தன் ஜப்பான் கேமராவை விலைக்குத் தருவதாகச் சொன்னார். அதில் வழக்கமான ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தது. கூடவே இன்னும் இரண்டு வைத்திருந்தார்: சின்ன அறையைக்கூட முழுசாக அடக்கிவிடும் முப்பத்தைந்து, தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் நூற்று முப்பத்தைந்து. இரண்டில் ஒன்றை எங்களுக்குத் தருவார், மற்றது அவருக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டிலும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று பையோடு கொடுத்தனுப்பினார்.

என் கணவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கிரிக்கெட் பைத்தியம். நீள லென்ஸைக் கையில் வாங்கியவர் வீடு வரும்வரை என்னிடம் திருப்பித் தரவில்லை. எனக்கு முப்பத்தைந்துதான் வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன்.

மயிலாப்பூரில் எங்கள் போர்ஷனின் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியேதான். ஞாயிறு காலை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்று மாமியாரை எடுத்தேன். நல்ல புடவைகூடக் கட்டிக்கொள்ளவில்லையே என்று குறைப்பட்டார். கொஞ்ச நேரத்தில் நான் இருப்பதையே மறந்து, மாடிவீட்டுப் பூனை பால் குடித்த கதையைக் கரண்டியும் கையுமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானம் நந்தனத்தில் ஒரு லீக் மேட்ச். கணவர் நீள லென்ஸை மாட்டிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் மர நிழலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கல்லூரி இருட்டறையில் பிரிண்ட் போட்டேன். கிரிக்கெட் படங்களில் பேட்ஸ்மேனின் முதுகு இருந்தது, விக்கெட் கீப்பரின் இடுப்பு இருந்தது, பந்து எதிலும் இல்லை. நடுவில் ஒரு படத்தில் நான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மடியெல்லாம் கடலைத் தோலாக, எதற்கோ தலை நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை என்னை எடுத்த படங்களில் எல்லாம் எடுப்பவரைப் பார்த்து விறைத்துக்கொண்டு இருப்பேன். இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் படங்களைத் தரையில் பரப்பினேன். கணவர் நீள லென்ஸுக்காக வாதாடப்போகிறார் என்று நினைத்திருந்தேன். அவரோ சமையலறைப் படத்தைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. அடுப்பு, ஜன்னல் வெளிச்சம், ஆணியில் தொங்கும் ஜல்லடை, நடுவே பேச்சும் சிரிப்புமாக மாமியார்.

"அம்மா இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு. இதையே வாங்கிக்கோ," என்றார்.

வேண்டாம், நீளமானதுதான் வேண்டும் என்று என் படத்தைக் காட்டினேன். அவர் என் கட்சிக்கும் நான் அவர் கட்சிக்கும் மாறி, இருவரும் விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தோம்.

மாமியார் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தன் படத்தைச் சட்டென்று தள்ளிவைத்துவிட்டு என் படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"இவ சிரிக்கறதைத் தூரத்துல நின்னுண்டுதான் பாக்கணுமாடா? கிட்டப் போய்ப் பாரேன்," என்றார் மகனிடம்.

என் கணவருக்குக் காது சிவந்துவிட்டது. எனக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மறுநாளே இருவருமாக அந்தக் கப்பல் இன்ஜினீயர் வீட்டுக்குப் போய் நீள லென்ஸைத் திருப்பிக் கொடுத்தோம்.

அந்த வாரமே முப்பத்தைந்தை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குள் போனேன். அந்த லென்ஸுக்கு ஆளை நெருங்கித்தான் ஆக வேண்டும். நெருங்கினால் பேசித்தான் ஆக வேண்டும். எனக்கோ அறிமுகமில்லாதவர்களிடம் வாய் வராது. கீரை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் எதிரில் தயங்கி நின்றேன்.

"இன்னாம்மா, பேப்பர்ல வருமா?" என்று கேட்டார்.

வராது, படிப்புக்காக எடுக்கிறேன் என்றேன்.

"பரவால்ல, போட்டோ புடி," என்று கூடையை நகர்த்தி, நான் உட்கார இடம் விட்டார்.