கீழே ஒட்டிக்கொண்டு போன வரி

பள்ளிப்பட்டில் நாங்கள் பவர்லூம் சேலை நெய்கிறோம். எங்களிடம் சேலை வாங்கும் பெங்களூரு கடையின் மேலாளரம்மா மறுபடியும் நிறத்தை மாற்றச் சொல்லி மெயில் அனுப்பினார். அதை என் அக்கா கணவர் எனக்கு அனுப்பி, "இந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாதா?" என்று எழுதியிருந்தார். மறுநாள் அதே மெயிலில் புதுச் சேலைப் படங்களைச் சேர்த்து அந்த அம்மாவுக்கே அனுப்பிவிட்டார். எனக்கும் நகல் வந்தது. திருத்தணி பஸ்ஸில் அதைப் பார்த்ததும் அக்கா கணவருக்குப் போன் செய்தேன்.

"பாவா, கீழ நீங்க எழுதினதும் சேர்ந்து போயிட்சு!"

"ஆங்... அனுப்பிட்டேனேம்மா. இப்ப இன்னா பண்றது?"

ஒன்றும் செய்ய முடியவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினோம். "கீழே இருந்ததையும் படித்தேன். சேலைகள் வேண்டாம்" என்று பதில் வந்தது. அதன்பின் அவர் போனையும் எடுக்கவில்லை.

இப்போது வாடிக்கையாளருக்குப் புது மெயிலாகவே எழுதுகிறேன். நேரில் சொல்லக் கூசுவதை மெயிலில் எழுதுவதில்லை. அந்த அம்மாவுக்கு என்ன எழுதுவதென்றுதான் இன்னும் தெரியவில்லை.