மச்சான் விட்டுப்போன செருப்பு

முதலில் சுருண்டது கருப்புப் பெட்டைக்கோழிதான். இறக்கையைத் தொங்கப்போட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு சுவரோரம் நின்றது. எச்சம் சுண்ணாம்பு கரைத்து ஊற்றியதுபோல வெள்ளையாக, நடுவில் பச்சையோடிக் கிடந்தது. வெள்ளைக்கழிச்சல். அம்மா சின்ன வெங்காயமும் மிளகும் சீரகமும் அரைத்து உருட்டி, அலகைப் பிளந்து திணித்துப் பார்த்தாள். மறுநாள் அது செத்துக் கிடந்தது. இன்னும் இரண்டு கோழிகளுக்குத் தலை தொங்கியது.

எங்கள் மம்சாபுரத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. நன்றாக இருக்கும் கோழிகளைப் பிடித்து வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுவார்கள். ஊர் மாறினால் பிழைத்துவிடும் என்பார்கள். அம்மா காப்பாற்ற நினைத்தது செவலைச் சேவலை. எனக்கு வேலை கிடைத்தால் கருப்பசாமிக்கு அறுப்பதாக நேர்ந்துவிட்ட சேவல் அது. வேலை கிடைத்துவிட்டது, கோயில் கொடைத் திருவிழாதான் இன்னும் வரவில்லை. நேர்ந்த உயிர் நோயில் போனால் சாமிகுத்தம். சேத்தூரில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டில் விடுவது என்று அவளே முடிவு செய்து, மச்சானுக்குப் போனும் போட்டுவிட்டாள்.

இது தெரியாமல் நான் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை மருத்துவமனைக்குப் போயிருந்தேன். "நோய் விழுந்த பொறவு ஊசி போட்டுப் பிரயோசனமில்ல தம்பி" என்றார் டாக்டர். "நல்லா இருக்குன்னு நீங்க நெனைக்கிறதும் நோய உள்ள வாங்கியிருக்கும். ஒண்ணையும் வெளிய அனுப்பாதீங்க. செருப்புல ஒட்டிட்டுப் போனாலே போதும், அடுத்த ஊரு காலி."

திரும்பி வந்தபோது வாசலில் மச்சானின் பைக் நின்றது. கொல்லையில் அவர் கையில் ஒரு கட்டைப்பை. அதிலிருந்து சேவல் தலையை நீட்டி எங்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"மச்சான், அத எறக்குங்க."

"ஏன் மாப்ள, சேவலுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மா குறுக்கே வந்தாள். "ஏலே, ஒனக்கு நேந்த சேவல்லே! நாலெழுத்து படிச்சதும் கருப்பசாமி சின்ன ஆளாப் போயிட்டாரோ?"

"அக்கா கோழி அம்புட்டும் போயிரும்மா."

"இது நல்லாத்தான இருக்கு! விடியக்காலம் எப்படிக் கூவுச்சு!"

கூவியது உண்மை. என் கையில் ஒரு சாட்சியும் இல்லை, டாக்டரின் வாய்ச்சொல்லைத் தவிர. சேவல் பிழைத்து நின்றுவிட்டால் அம்மா முகத்தில் எப்படி முழிப்பது? ஆனால் அக்காவுக்கென்று இருப்பது அந்தக் கோழிகள் மட்டும்தான். மச்சானிடம் கேட்காமல் பிள்ளைக்கு ஒரு சட்டை எடுப்பதென்றாலும் அந்த முட்டைக்காசில்தான். பையை வாங்கி, சேவலைத் திரும்பப் பஞ்சாரக் கூடை போட்டுக் கவிழ்த்தேன்.

மச்சான் பைக்கை நோக்கி நடந்தார். அப்போதுதான் அவர் செருப்பைப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெள்ளை எச்சம் அப்பியிருந்தது.

"மச்சான், செருப்ப இங்கயே விட்டுட்டுப் போங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகனை வெறுங்கையோடு அனுப்புவதே எங்கள் பக்கம் குறை. வெறுங்காலோடு அனுப்பினால் சண்டை என்று அர்த்தம்.

"பொண்ணு குடுத்த வீட்டுல செருப்பப் புடுங்கிட்டு விட்டாகன்னு சேத்தூரே சிரிக்குமேலே!" என்றாள்.

மச்சான் திரும்பினார். முகம் இறுகிப்போயிருந்தது. "என்ன மாப்ள, வெரட்டுதியா?"

வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து எடுத்துவந்து, குத்தவைத்து உட்கார்ந்து அவர் பைக் டயரைத் தேய்க்க ஆரம்பித்தேன். முன்சக்கரம் முடிந்து பின்சக்கரம் வரை அவர் அசையவில்லை. அவர் காலருகே வாளியை நகர்த்தியபோது சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

"விடுலே, நான் கழுவிக்கிடுதேன். கல்யாணத்தன்னைக்கு நீ என் காலக் கழுவுனது பத்தாதா?"

சிரிக்கவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலைக் கழுவினார். வீட்டுக்குப் போனதும் குளித்துவிட்டுத்தான் கோழிப்பக்கம் போகவேண்டும் என்றேன். தலையாட்டிவிட்டு வெறுங்காலோடு கியரை மிதித்துப் போனார். அம்மா அன்று ராத்திரி சோற்றைத் தட்டில் போட்டு, தட்டைத் தரையோடு தள்ளிவிட்டாள்.

மறுநாள் சேவல் கூவவில்லை. பஞ்சாரத்துக்குள் கழுத்து முறுக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் நான் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டேன். அம்மா அதன் தலையில் திருநீறு பூசினாள். "கொடை வரைக்கும் பொறுக்கல ஒமக்கு" என்று சாமியைத்தான் ஏசினாள். நான் சொன்னதுதான் நடந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அந்த வாரம் முழுக்க, விடிந்ததும் அம்மா போனை எடுத்து அக்காவிடம் கேட்டது ஒன்றுதான். "ஏட்டி, கோழி எரை எடுக்குதா?"

"எடுக்குதும்மா. பேரன் எப்படி இருக்கான்னு ஒரு நாளாச்சும் கேக்கியா?" என்றாள் அக்கா ஒருநாள். "அவிய செருப்ப எப்பக் குடுத்துவிடுவ?"

செருப்பு இன்னும் மதிலோரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா அதை ஒரு பார்வை பார்த்தாள்.

"அது இங்கயே கெடக்கட்டும். அவியள புதுசு வாங்கிக்கிடச் சொல்லு." பிறகு குரலை இறக்கினாள். "இப்ப எரை போடு. நான் கேக்கணும்."

மறுமுனையில் அக்கா "பா... பா..." என்று கூப்பிட்டாள். இறக்கைகள் படபடவென்று அடித்து வரும் சத்தம் எனக்கும் கேட்டது. அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.